கழிவு போக எண்பத்தாறு கிலோ

இந்த இனத்தவரைக் கண்டுபிடிக்க நீங்கள் ரொம்பச் சிரமப்பட வேண்டாம். கல்யாண மண்டபத்திலோ, புதுவீடு புகுந்த இடத்திலோ, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலோ காப்பித் தட்டு வரும்போது கவனியுங்கள். எல்லோரும் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிற நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளங்கையை விரித்துத் தட்டைத் தடுப்பார். "நமக்குச் சீனி இல்லாமங்க" என்பார். சொல்வது தட்டு கொண்டுவந்தவரிடம்தான். கேட்பது கடைசி நாற்காலி வரைக்கும். பிறகு சட்டைப் பைக்குள் இரண்டு விரல் போகும். போன விரல்கள் ஒரு சின்ன வெள்ளை டப்பியோடு திரும்பும். டப்பியின் தலையை அமுக்கியதும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை ஒன்று 'டிக்' என்று காப்பிக்குள் விழும்.

இவர்தான் மாத்திரைக் காப்பிக்காரர்.

உடம்பைக் குறைப்பதென்று முடிவெடுத்தவர். சீனிக்குப் பதில் மாத்திரை போடலாம் என்று கேள்விப்பட்டவர். அந்த மாத்திரை உடம்புக்கு ஆகுமா, ஆகாதா என்று தீர விசாரிக்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதவர். விசாரணை என்றால் சாதாரண விசாரணை இல்லை. மருந்துக் கடைக்காரரிடம் கேட்பார், பல் டாக்டரிடம் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வேதியியல் வாத்தியாரிடம் கேட்பார். காங்கேயத்தில் காளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மாட்டு டாக்டரிடம்கூட ஒருவர் கேட்டிருக்கிறார். "மாடு காப்பி குடிக்கறதில்லீங்களே" என்று அவர் நழுவிக்கொண்டார். இத்தனை கேட்பவர், எதிரில் தட்டில் இருக்கும் போண்டாவைப் பற்றி இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. போண்டா தெரிந்த முகம். மாத்திரைதான் அந்நியன்.

உதாரணத்துக்கு ஒருவரைச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடும். கிணத்துக்கடவில் கொப்பரை வாங்கிக் காங்கேயத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பும் பாலுசாமி. வயது ஐம்பத்து நான்கு, எடை தொண்ணூற்றாறு. அடிவயிற்றில் ஓரமாக எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம். குடலிறக்கம் என்று கோயமுத்தூர் சர்ஜன் சொல்லிவிட்டார். அதற்கு மேலே ஒரு பெல்ட் கட்டியிருப்பார். இருமினால் கை அங்கே போகும். தும்மினால் இரண்டு கையும் போகும். மூட்டையைத் தொடக்கூடாது. நன்றாகச் சிரிக்கவும் கூடாது.

சர்ஜன் தை மாதத்தில் கறாராகச் சொன்னார்: "இந்த வயித்துல தச்சா தையல் நிக்காதுங்க. பத்துக் கிலோ குறைச்சுட்டு எண்பத்தாறுல வாங்க, சித்திரைல பண்ணிப்போடலாம். அதுக்குள்ள குடல் சிக்கிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. வெளையாட்டா இருக்காதீங்க."

பாலுசாமி விளையாட்டாக இருக்கவில்லை. அன்றைக்கே மருந்துக் கடையில் நூறு மாத்திரை டப்பி ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு சர்ஜனிடமே திரும்பிப் போய், இது பயமில்லாத சாமான்தானா என்று கேட்டார்.

"நாளைக்கு நாலஞ்சு மாத்திரைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

"எலிக்கு மூத்திரப் பையில கட்டி வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே?"

"அந்த எலிக்கு அள்ளி அள்ளிக் குடுத்தாங்க. அந்த அளவுக்கு நீங்க போகோணும்னா டப்பி டப்பியா முழுங்கோணும். உங்களுக்கு ஆபத்து டப்பில இல்லீங்க, தட்டுல இருக்குது."

ஒருவர் சொன்னால் போதுமா? தீர்ப்பு உறுதியாகத் தெரியும்வரை பாலுசாமி ஓர் இடைக்கால ஏற்பாடு செய்துகொண்டார். பிறர் வீட்டில் மாத்திரை. தன் வீட்டில் சீனி. பிறர் வீட்டில் மாத்திரையைப் போட்டால்தான் நாலு பேர் அபிப்பிராயம் கிடைக்கும். தன் வீட்டில் போட்டால் மனைவி பழனாத்தாளின் அபிப்பிராயம்தான் கிடைக்கும், அது அவருக்கு முன்பே தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் தங்கை ராசாத்தாள் வீட்டுக்குப் போனார். நம் பக்கத்து உபசாரம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 'வேண்டாங்க' என்றால் 'இன்னொரு தடவை கேளுங்க' என்று அர்த்தம். 'போதுங்க' என்றால் 'கையை எடுத்துடாதீங்க' என்று அர்த்தம். இத்தனை மரியாதைக்கு நடுவே ஒரு மனிதன் எப்படி இளைப்பது?

"அண்ணா, சீனி போடாமயே கொண்டாந்திருக்கறேன்" என்று ராசாத்தாள் காப்பியை வைத்தாள். கூடவே ஒரு தட்டையும் வைத்தாள். தட்டில் மூன்று ஒப்புட்டு, அதாவது போளி, மேலே உருகின நெய்.

டப்பி வெளியே வந்தது. 'டிக்'. கூடம் அமைதியானது. பாலுசாமி கலக்கி, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, இந்த இனத்தவரின் மந்திரத்தைச் சொன்னார்:

"இனிப்பு இருக்குதுங்க. நம்பிக்கைதான் வர மாட்டீங்குது."

அவ்வளவுதான். சபை கூடிவிட்டது. ராசாத்தாள் வீட்டுக்காரர் கண்ணையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அதெல்லாம் ஆகாதுங்க மச்சான். ஈரோட்ல மஞ்ச மண்டிக்காரர் ஒருத்தரு, ரெண்டே வருசந்தான் இதப் போட்டாரு, ஞாபக மறதி வந்துபோச்சாமா."

"ஆருங்க அது?"

"அட... பேரு வாயில நிக்குது, வர மாட்டீங்குது."

"நீங்களும் மாத்திரை போடறீங்களா?"

"நான் எங்கீங்க! எனக்கு நாலு கரண்டி சீனி."

பாலுசாமி தலையாட்டிக்கொண்டே முதல் ஒப்புட்டை முடித்தார்.

"ஏனுங்ணா, சித்தெ நெய் ஊத்தட்டுங்களா?" என்றாள் ராசாத்தாள்.

"போதும் அம்மணி."

ஊற்றினாள்.

"இந்த ஒப்புட்டு சீனியா, வெல்லமா?" என்று பாலுசாமி விசாரித்தார். உடம்பைக் குறைப்பவர் எதையும் விசாரிக்காமல் வாயில் வைக்க மாட்டார் அல்லவா? மூன்றாவதை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வெல்லந்தானுங்ணா. நம்ம மண்ணுல வெளஞ்சது."

"அப்பச் செரி. மாத்திரை எங்கியோ எவனோ செஞ்சது. இதுல என்ன பயம்?"

இப்படியே பங்குனி வந்தது.

எடை பார்ப்பது சனிக்கிழமைதோறும். உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்துல் முத்தலிப்பின் தராசுக் கடை. பாலுசாமியின் கிடங்குத் தராசுக்கு வருசா வருசம் சர்க்கார் முத்திரை வாங்கித் தருபவர், இருபது வருடச் சிநேகம். கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் அதில் பாலுசாமி ஏறுவார்.

கொப்பரை வியாபாரத்தில் கழிவு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விவசாயி கொண்டுவந்து போட்ட மூட்டை என்ன நிறுக்கிறதோ, அதிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எடை என்பார்கள். முப்பது வருடம் அடுத்தவர் மூட்டையில் கழித்துப் பழகின கை, தன் மூட்டையில் சும்மா இருக்குமா?

"தொண்ணூத்தாறரைங்ணா" என்பார் முத்தலிப்.

"கெடங்குச் சாவி அரைக் கிலோ போடுங்க பாய். பெல்ட்டு, செருப்பு, வேட்டி எல்லாஞ் சேந்து ரெண்டு கிலோ. காலைல தின்னது இன்னம் செரிக்கல, அது ஒண்ணு. வரும்போது எளநி குடிச்சேன். ஈரத்துக்கு ஒரு ரெண்டு கழிச்சுப்போடுங்க."

"ஈரத்துக்குமுங்களா?"

"மனுச ஒடம்புல முக்காவாசி தண்ணிதானுங்க பாய். நான் ரெண்டு கிலோதான கேக்கறேன்?"

வாரா வாரம் எடை குறைந்துகொண்டே வந்தது. தராசில் இல்லை. கழிவு வளர வளர மிச்சம் இளைத்தது. பங்குனிக் கடைசியில் கழிவு பதினோரு கிலோவைத் தொட்டது.

"எண்பத்தாறு!" என்றார் பாலுசாமி.

"அண்ணா, தராசு சொன்னது தொண்ணூத்தேழு. மீதி நீங்க சொன்னது" என்றார் முத்தலிப்.

இதற்கிடையில் விசாரணையும் முற்றியிருந்தது. மாத்திரை பற்றி வந்த பேப்பர்த் துண்டுகளையெல்லாம் பாலுசாமி வெட்டி, 'ஆகும்' என்று ஒரு கட்டு, 'ஆகாது' என்று ஒரு கட்டு, மூட்டை தைக்கும் சணலால் கட்டி வைத்திருந்தார். படித்துப் படித்துத் தலை சுற்றியபோது இரண்டையும் முத்தலிப்பின் முன்னால் வைத்தார்.

"பாய், நீங்களே சொல்லுங்க. எது கூட?"

முத்தலிப் கத்தரித்தாற்போல் பேசும் ஆள் இல்லை. சின்னத் தட்டுத் தராசை எடுத்தார். ஒரு தட்டில் 'ஆகும்', ஒரு தட்டில் 'ஆகாது'. முள் ஆடி நின்றது.

"ஆகாதுதான் கூடங்ணா. பத்துக் கிராம்."

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

"சித்தெ இருங்க." முத்தலிப் அந்தக் கட்டை மூக்கருகே கொண்டுபோனார். "இதுல பாதித் தாளு பஜ்ஜி மடிச்சு வந்ததுங்ணா. எண்ணெ ஏறியிருக்குது. எண்ணெக்குக் கழிவு போட்டா ரெண்டும் செரிக்குச் செரி."

சித்திரை முதல் வாரம். பழனாத்தாளையும் கூட்டிக்கொண்டு பாலுசாமி ஆஸ்பத்திரிக்குப் போனார். படுக்கை விரிப்பு, சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், இரண்டு வேட்டி எல்லாம் பையில் இருந்தன. நர்ஸ் தராசில் ஏறச் சொன்னார். சாவிக்கொத்து, செருப்பு, சட்டை எல்லாவற்றையும் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

"தொண்ணூத்தேழு" என்றார் நர்ஸ்.

"கழிவு போட்டு எழுதுங்கம்மா."

"எதைங்க கழிக்கிறது?"

"காலைல நாலு இட்லி. அப்பறம் ஈரம்..."

நர்ஸ் பேனாவை மூடிவிட்டு சர்ஜனைக் கூப்பிட்டார். சர்ஜன் சீட்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். எலுமிச்சை ஆரஞ்சாகியிருந்தது.

"கழிவை நீங்க கழட்டி வெளிய வெச்சுட்டு உள்ள வரீங்கன்னா நான் இன்னைக்கே கத்தி வெக்கறனுங்க. கழட்ட முடியுமா?"

பாலுசாமி சட்டைக்குக் கை நீட்டினார்.

"ஆடி கழிஞ்சு வாங்க. அதுவரைக்கும் அது சிக்காம இருக்கோணும்னு சாமிய வேண்டிக்குங்க."

பழனாத்தாள் பிளாஸ்க்கை மறுபடி பைக்குள் வைத்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார்கள். ஏறிய பிறகு சொன்னாள்: "காடுகரைல பாடுபட்டவிய மூட்டைல எல்லாம் கழிச்சீங்கல்லங்க. அவிய அத்தன பேரு கழிவும் ஒண்ணாச் சேந்து உங்க வயித்துல வந்து உக்காந்துக்கிச்சு."

உக்கடத்தில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. முத்தலிப் கடையில் உட்கார்ந்தார்கள். பாலுசாமி பெருமூச்சு விட்டார். பிறகு நிமிர்ந்தார். இந்த இனத்தவர் எவ்வளவு விழுந்தாலும் ஒரு கண்டுபிடிப்போடுதான் எழுந்திருப்பார்கள்.

"காரணம் தெரிஞ்சுபோச்சுங்க பாய். மாத்திரை! மூணு மாசம் போட்டேன், ஒரு கிலோ ஏறிப்போச்சு. அதுல என்னமோ இருக்குது."

பழனாத்தாள் கையை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். கலகலவென்றது. அதை முத்தலிப்பிடம் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"எண்பத்தேழு இருக்குதுங்ணா. மூணு மாசத்துல போட்டது பதிமூணு. பதிமூணு கடுகுல ஒரு கிலோ ஏறுமுங்களா?"

"வீரியம் அப்பிடிங்க பாய்" என்றார் பாலுசாமி. "இனி இந்த வெசப்பரீட்சை வேண்டாம். சீனி போட்டே ஒரு காப்பி சொல்லுங்க. ஒடம்போட வெளையாடக் கூடாது."

காப்பி வந்தது. முதல் வாய் உள்ளே போகும்போதே தும்மல் வந்துவிட்டது. இரண்டு கையும் டம்ளரை விட்டுவிட்டு அடிவயிற்றுக்கு ஓடின. டம்ளர் உருண்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வீக்கம் உள்ளே போகிறதா, நிற்கிறதா என்று விரலால் தேடினார். கொஞ்ச நேரம் கழித்து அது உள்ளே போனது.

பழனாத்தாள் குனிந்து டம்ளரை எடுத்து வைத்தாள்.

"இந்தத் தும்மலுக்கு எத்தனைங்க கழிவு?" என்றாள்.

பாலுசாமி மெதுவாக எழுந்து, செருப்போடு, சாவிக்கொத்தோடு, பெல்ட்டோடு போய்ப் பெரிய தராசில் ஏறி நின்றார். முத்தலிப் தராசின் எடைக் குண்டை நகர்த்தினார்.

"தொண்ணூத்தொம்பதுங்ணா."

பாலுசாமியின் வாய் திறந்தது. இடுப்புச் சாவியைக் கை தொட்டது. பிறகு வாய் மூடிக்கொண்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கழிவில்லாமல் ஒரு மூட்டை நிறுக்கப்பட்டது. அவர் இளைத்தாரா என்று கேட்காதீர்கள், ஆடி இன்னும் கழியவில்லை.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். உங்களிடம் டப்பி இல்லை, நீங்கள் கொப்பரையும் வாங்குவதில்லை. அடுத்த தடவை கோயமுத்தூர் ரயில் நிலையத்துக்குப் போனால், விளக்கு மின்னுகிற அந்த எடை பார்க்கும் மிஷினில் ஏறிக் காசு போடுங்கள். அட்டை விழும். அட்டையைப் படித்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

தோளில் தொங்கும் பைக்குத்தானே?