வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து

பாசத்துக்கும் கொஞ்சம் பரிதாபத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நான் நலம், அம்மா கோபம், கடையின் வாஷிங் மெஷின்கள் ஓட்டம். தாங்கள் நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படிக்கவும்.

நம் சலவைக் கடைக்குத் தாங்கள் ஒரு புரோகிராம் எழுதித் தந்தீர்களே, ‘பட்டியல்’ என்று தட்டினால் அன்றைய துணிகளை வரிவரியாகக் காட்டுமே, அதைப் பற்றித்தான். துவைத்தது பச்சை, துவைக்காதது சிவப்பு, சாயம் போகிற துணி மஞ்சள். வேண்டாதவர்கள் கலரை நிறுத்த ஒரு வழி வையுங்கள் என்று நான் அப்போதே கேட்டேன். “கலர் இல்லாத புரோகிராம் பல் தேய்க்காத வாய் மாதிரி. சும்மா இரு வாலு” என்றீர்கள். வாலுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை. தாங்கள் எழுதியது கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில். அம்மாவுக்கோ கறுப்புத் திரையைப் பார்த்தாலே தலைவலி, வெள்ளையாக மாற்றிவைத்திருந்தாள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஹோட்டலிலிருந்து வந்த மூட்டையில் படுக்கை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் திரைச்சீலையும் இருந்தது. பட்டியலில் அதன் வரி மட்டும் ஒளிந்துகொள்ள, எல்லாம் விரிப்புதானே என்று அம்மா மூட்டையை அப்படியே மெஷினில் கொட்டிவிட்டாள். அத்தனை விரிப்பும் ரோஜா நிறம்!

ஹோட்டல் மேனேஜர் மூட்டையோடு திரும்பி வந்தார். “ரூம்ல தங்கினவர் ரகளை பண்ணிட்டாரும்மா. நாங்க வேற கடை பார்த்துக்கறோம்.” அந்த ஹோட்டல் போனால் கடையில் பாதி வேலை போச்சு, இஸ்திரி அக்காவுக்கு வேலையே போச்சு. அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா அப்போதும், “என் தம்பி எழுதினதுங்க, தப்பு பண்ணாது” என்கிறாள்!

“சார், ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க” என்று நான் உட்கார்ந்தேன். தங்கள் புரோகிராமின் வயிற்றைக் கிழித்து, ‘எப்போதும்’, ‘வேண்டாம்’, ‘இடம் பார்த்து’ என்று மூன்று வழி வைத்தேன். மூன்றாவது ரொம்பச் சமத்து: திரை என்றால் கலர், காகிதம் என்றால் வெறும் எழுத்து. ரசீதில் பெயருக்கு முன்னால், மஞ்சளுக்கான ரகசியக் குறி [33m என்று அப்படியே அச்சாகி, “இது என் துணியோட எடையா?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தாரே, அந்தக் கூத்துக்கும் முற்றுப்புள்ளி. சாயத் துணி வரியில் ‘தனியாகத் துவைக்கவும்’ என்று எழுத்திலேயே போட்டேன்.

முதலில் கலரோடு காட்டினேன். மேனேஜர் கண்ணைச் சுருக்கினார், பிறகு என் பக்கம் குனிந்தார். “ஏம்மா, வெளியில சொல்லாதே. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். அந்த விரிப்புகூட எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது.”

‘வேண்டாம்’ என்று தட்டினேன். கலரெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். “இப்படி இருந்தா யாரு வேணா படிக்கலாமே! நாளைக்கே அடுத்த மூட்டையை அனுப்பறேன்” என்றார். இஸ்திரி அக்கா விசில் அடித்தாள். “இனிமே தப்பே வராது” என்று நான் மார்தட்டினேன். அம்மா, “உன் மாமாவையே மிஞ்சிட்டேடி” என்றாள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்து, தாங்கள் அழைக்கும்போது ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன்.

வயதில் சிறியவளானாலும் வெற்றியில் பெரியவளான நான் தங்களை ஆசீர்வதிக்கிறேன்: கேட்டவர்க்குக் கலர் கிடைக்கட்டும், கேட்காதவர்க்குக் கண் பிழைக்கட்டும். மாமிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நேற்று வரை வாலு, இன்று முதல் தலை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடையிலிருந்து ஒரு அலறல். ஹோட்டலின் புது மூட்டையில் ஒரு நீல மேஜை விரிப்பு இருந்திருக்கிறது. ‘தனியாகத் துவைக்கவும்’ என்று பட்டியல் தெளிவாகத்தான் சொல்கிறது. அம்மா பட்டியலைத் திறக்காமலே மூட்டையை மெஷினில் கொட்டிவிட்டாள், அத்தனை விரிப்பும் நீலம்! “இனிமே தப்பே வராதுன்னு நீதானேடி சொன்னே? அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?” மேனேஜர் வந்துகொண்டிருக்கிறார். அவருக்குச் சிவப்பும் பச்சையும்தான் குழப்பமாம். நீலம் பளிச்சென்று தெரியுமாம்.