உணர்வு அலுவலர் (பொறுப்பு)

கடலூரில் மழைநீர் வடிகால் பராமரிப்புத் துணைக்கோட்டம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. கடலூரில் மழைநீர் வடிகால்களும் இருந்தன. இந்த இரண்டுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று பொதுமக்கள் மட்டும் வெகுகாலமாக நம்பிவந்தார்கள்.

அந்த நம்பிக்கையோடு படியேறி வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது உதவியாளர் சவரிராயனின் மேசையில். ஆகவே திட்டுவதும் அவரைத்தான். சவரிராயன் சாது. யாராவது குரலை உயர்த்தினால் அவருக்கு வயிற்றைக் கலக்கும், உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாக்கைப் பிரித்து, "மனு பரிசீலனையில் உள்ளது" என்று சொல்வார். அதைக் கேட்டதும் வந்தவர் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்துவார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி அந்தோணிமேரி முகத்தைப் பார்த்தே கேட்பாள்: "என்னாங்க, இன்னைக்கும் திட்டா?"

"ஜாஸ்தி இல்ல."

"திருப்பி நாலு வார்த்த கேக்கறதுதானே?"

சவரிராயன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தான் பிறவிக் கோழை என்று அவர் எப்போதோ முடிவுசெய்து, அந்த முடிவோடு சமாதானமாகக் குடித்தனம் நடத்திவந்தார்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புகார்கள் பெருகிவருவதை அரசு மிகுந்த கவலையுடன் கவனித்திருந்தது. ஆராய்ந்ததில், புகார் கொடுப்பவர்கள் அனைவருமே ஏதோ ஓர் உணர்வுக்கு ஆட்பட்டிருப்பது தெரியவந்தது. எனவே புகார்களைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, புகாருக்கான காரணத்தை நீக்குவது. மற்றொன்று, உணர்வை நீக்குவது. முதலாவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லாத காரணத்தால் இரண்டாவது வழி உடனடியாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. அலுவலகத்துக்கு ஒருவர் சிதம்பரம் சென்று மனோவியல் பயிற்சி பெற வேண்டும்.

உதவி செயற்பொறியாளர் அன்பரசு சுற்றறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எல்லோரும் குனிந்து வேலை பார்ப்பதுபோல் இருந்தார்கள். சவரிராயனுக்குக் குனிய ஒரு விநாடி தாமதமாகிவிட்டது.

பயிற்சி சிதம்பரத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்தது. நடத்தியவர் மனோவியல் ஆலோசகர் ராஜ்கமல். கோட் போட்டிருந்தார். சிதம்பரத்து வெயிலில் கோட் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்த முகமாக நிற்கிறார் என்றால் அவருக்கு மனசைப் பற்றி ஏதோ தெரிந்துதான் இருக்க வேண்டும் என்று சவரிராயன் நினைத்தார்.

ராஜ்கமல் சொன்னார்: "மூளைக்குள்ள பாதாம் பருப்பு சைஸ்ல ஒரு உறுப்பு இருக்கு. ஆபத்துன்னு தோணுச்சுன்னா அது மணி அடிக்கும். புலிய பாத்தாலும் அடிக்கும், மேலதிகாரிய பாத்தாலும் அடிக்கும். அதுக்கு வித்தியாசம் தெரியாது. மணி அடிச்ச உடனே வயிறு கலக்கும், கை வேர்க்கும், வாய் உலர்ந்துடும். இது கோழைத்தனம் இல்ல. உடம்பு உங்கள காப்பாத்தப் பாக்குது."

சவரிராயனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பாதாம் பருப்பாலா! பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருவாய்த்துறைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

இன்னும் பலவற்றை ராஜ்கமல் விளக்கினார். கோபம் தனியாக வராது, அதற்கு அடியில் பயமோ துக்கமோ படுத்திருக்கும். உணர்வுக்குப் பெயர் வைத்துச் சொல்லிவிட்டால் அதன் வேகம் பாதி குறையும். ஒருவர் சொல்வதை முழுசாகக் கேட்டாலே போதும், அவருடைய மூச்சு தானாக நிதானப்படும்.

மறுநாள் செய்முறைப் பயிற்சிக்காகப் பிச்சாவரம் கூட்டிப்போனார்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் மௌனமாகச் சென்று மன அமைதி பெற வேண்டும் என்பது திட்டம். படகின் முன்வரிசையில் யார் உட்காருவது என்பதில் பணிமூப்புப் பிரச்சினை எழுந்தது. இரண்டு கண்காணிப்பாளர்கள் எழுந்து நின்று வாதாடியதில் படகு ஆட, எல்லோருடைய பாதாம் பருப்பும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. மன அமைதி பெறப்பட்டதாகக் குறிப்பு எழுதப்பட்டது. திரும்பி வந்து கடைசி வகுப்பு தொடங்கும்போது கீழே சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் பரிமாறத் தொடங்கிவிட்டதால், அந்த வகுப்பில் ராஜ்கமலைத் தவிர வேறு யாரும் இல்லை.

கடலூர் திரும்பிய சவரிராயனுக்கு உணர்வு அலுவலர் என்ற கூடுதல் பொறுப்பு தரப்பட்டது. கூடுதல் சம்பளம் கிடையாது. தனி அறை உண்டு. பழைய மோட்டார் பம்ப் வைத்திருந்த அறை.

முதலில் வந்தவள் அமராவதி. செம்மண்டலத்தில் ஒரு சந்தில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவள். போன மழைக்கு வாசல் வடிகால் அடைத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை வந்து, மாவு கிரைண்டரை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. அடுத்த மழை வங்கக் கடலில் உருவாகிக்கொண்டிருப்பதாக டிவியில் சொல்லியாயிற்று. அமராவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

சவரிராயன் மனசுக்குள் 'பாதாம் பருப்பு, பாதாம் பருப்பு' என்று சொல்லிக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. இப்ப உங்களுக்கு என்னா தோணுது?"

"சாக்கடைய அள்ளணும்னு தோணுது."

"அது வெறும் எண்ணம்தாம்மா. உணர்வ சொல்லுங்க."

"கோவம்."

"நல்லது. அந்தக் கோவத்துக்கு அடியில என்னா இருக்கு?"

"சாக்கடதான் இருக்கு."

"அதுக்கும் அடியில?"

அமராவதி அவரை முறைத்துப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தாள். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அரசு அலுவலகத்தில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன்னைப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல்முறை.

"பயமா இருக்கு சார்," என்றாள். "மறுபடியும் தண்ணி வந்தா கட போயிரும். கட போச்சுன்னா எங்க அண்ணிகிட்டதான் போயி நிக்கணும். அவ சிரிப்பா சார். வாயால கூட இல்ல, கண்ணாலயே சிரிப்பா."

பிறகு அண்ணியைப் பற்றிச் சொன்னாள். அழுதாள். சவரிராயன் தண்ணீர் கொடுத்தார். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார். விட்டாள். நெஞ்சு லேசானது. "ரொம்ப நன்றி சார், நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். செம்மண்டலத்தில் இறங்கி, வாசலில் வழிகிற சாக்கடையைத் தாண்டி உள்ளே காலை வைத்தபோதுதான் எதற்குப் போனோம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் கோப்பில் 'உணர்வு தணிந்தது. மனு முடிக்கப்பட்டது' என்று எழுதியாகிவிட்டது.

செய்தி பரவியது. கடலூரில் ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸில் உட்காரச் சொல்லி, சொல்வதைக் கேட்கிறார்களாம்! முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு கூட்டம் தாங்கவில்லை. மாமியார் மருமகள்கள் சேர்ந்தே வந்து தனித்தனியாக அழுதார்கள். திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள், போகிற வழிதானே என்று எட்டிப்பார்த்தார்கள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? வடிகால் மனு உள்ளவர்கள் மட்டுமே அழ அனுமதிக்கப்படுவர் என்று அன்பரசு அறிவிப்பு ஒட்டினார். உடனே எல்லோரும் ஆளுக்கொரு வடிகால் மனுவோடு வந்தார்கள். வடிகாலே இல்லாத தெருவிலிருந்தெல்லாம் வடிகால் அடைப்பு என்று மனு வந்தது. வந்த வேகத்தில் எல்லாம் முடிக்கப்பட்டன. மாவட்டத்திலேயே அதிகப் புகார்களைத் தீர்த்த அலுவலகம் என்று பாராட்டுக் கேடயம் கிடைத்தது. கேடயம் வாங்கி வந்த அன்று சாயங்காலம் அன்பரசு கதவைச் சாத்திக்கொண்டு, தன்னை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்கு மாற்றவில்லை என்று சவரிராயனிடம் அழுதார்.

சவரிராயன் தலை நிமிர்ந்து நடந்தார். அந்தோணிமேரி கோபித்தபோது, "மேரி, உன் கோவத்துக்கு அடியில என்னா இருக்கு?" என்று கேட்டார். "தோசக்கல்லு இருக்கு, எடுக்கட்டுமா?" என்றாள் அவள். வீட்டில் மட்டும் அறிவியல் எடுபடவில்லை.

அமராவதி மீண்டும் வந்தாள். துணைக்கு அதே சந்தில் இருக்கிற பக்கிரியைக் கூட்டிவந்திருந்தாள். கடலூர் சிதம்பரம் பஸ் ஓட்டி ரிட்டயரான டிரைவர் அவர். ஏற்கெனவே ஒரு தடவை வந்து மருமகனைப் பற்றிப் பாதி சொல்லி அழுதுவிட்டுப் போனவர்.

"சார், எங் கோவத்த திருப்பிக் குடுங்க," என்றாள் அமராவதி.

"என்னாம்மா?"

"நான் சண்ட போட வந்தேன். நீங்க அழ வச்சி அனுப்பிட்டீங்க. இப்ப கோவமே வர மாட்டேங்குது. சாக்கடைய பாத்தா மூச்ச இழுத்து வுடறேன். நாத்தம்தான் உள்ள போவுது. கோவம் இருந்தாதான சார் நாங்க கேக்க முடியும்? எங்ககிட்ட வேற என்னா இருக்கு?"

கோபத்தைத் திருப்பித் தருவது பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை. சவரிராயன் ராஜ்கமலுக்கு போன் போட்டார்.

"கடைசி வகுப்புல அதத்தான சொன்னேன்," என்றார் ராஜ்கமல். "கோபம்ங்கறது பல்வலி மாதிரி. எங்கயோ சொத்தை இருக்குன்னு சொல்ல வருது. வலிய மட்டும் நிறுத்திட்டு பல்ல பாக்காம விட்டா என்ன ஆகும்?"

"நாங்க அப்ப கொத்சு சாப்புட போயிட்டோம் சார்."

போனை வைத்த சவரிராயனுக்கு நெஞ்சில் ஏதோ சூடாக ஏறியது. பயம் இல்லை. புதுசு. அவர் விறுவிறுவென்று அன்பரசு அறைக்குள் போனார்.

"சார், செம்மண்டலத்து சாக்கடைய அள்ளியே ஆகணும்! இப்பவே!"

அன்பரசு கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேடயத்தைக் கீழே வைத்தார். கனிவாகப் பார்த்தார்.

"உக்காருங்க சவரி. இப்ப உங்களுக்கு என்னா தோணுது?"

சவரிராயனுக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் தோன்றியது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தக் கேள்வியைக் காதில் வாங்குவது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துவிடவில்லை. அதற்குப் பதிலாக யோசித்தார்.

"சார், உணர்வுப் பிரிவுக்கு நிதி வந்துருக்குல்ல?"

"நெறைய வந்துருக்கு."

"பொதுமக்களோட உணர்வுகளுக்கு ஒரு வடிகால் வேணும் சார். அதுக்கு செலவு பண்ணலாமா?"

"தாராளமா. அதுக்குத்தான வந்துருக்கு." அன்பரசு கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார். "நெஜ வடிகாலுக்கு இல்லியே? அதுக்குன்னா நிதி இல்ல."

"உணர்வுக்கு சார்."

"அப்ப சரி."

இப்படியாக, உணர்வுகளுக்கு வடிகால் என்ற தலைப்பின்கீழ் அடைப்பு எடுக்கிற வண்டி செம்மண்டலத்துக்குள் நுழைந்தது. வடிகாலிலிருந்து பாய், தலையணை, ஹெல்மெட், ஒரு கல்யாணத்தின் முழு பேனர் எல்லாம் வெளியே வந்தன. அடுத்தடுத்த தெருக்களும் மனுப் போட்டிருந்ததால் அங்கேயும் வண்டி போனது. மழை வந்தது. தண்ணீர் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப்பார்க்காமல் கெடிலம் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. கடலூருக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

மனுக்கள் நின்றன. மனு போட்டால் வண்டி நேரே வந்து பார்த்துவிடும் என்பதால் பொய் மனுக்களும் நின்றன. மனு இல்லாததால் கூட்டமும் நின்றது. பம்ப் அறைக்கு முன்னால் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பொதுமக்களிடம் உணர்வு இல்லாத காரணத்தால் உணர்வுப் பிரிவு இம்மாத இறுதியுடன் கலைக்கப்படும் என்று ஓலை வந்தது. சவரிராயனை யாரும் திட்டவில்லை. வயிறு கலங்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் மத்தியானத்தில் எதிரே இருந்த காலி நாற்காலியைத் தூசு தட்டிப் போட்டுவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னிடம் வந்து மனசைத் திறந்து பேச இனி யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தான் சாதித்த வடிகாலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று செம்மண்டலம் போனார். சந்துமுனையில் பக்கிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணல் நிரப்பிய சாக்கு மூட்டை ஒன்றை வடிகாலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னா பண்றீங்க?"

பக்கிரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆளைத் தெரிந்ததும் சிரித்தார். "நீங்களா சார்! எம் மருமவன் விஷயம் பாதிதான சொன்னேன் அன்னைக்கு? மீதி நெஞ்சுலயே நிக்குது. மனு இல்லாம உள்ள வுட மாட்டேங்கறாங்க. அதான் ஒரு சின்ன அடைப்பு."

இது பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் செயல் என்று சொல்ல சவரிராயன் வாயைத் திறந்தார். மாத இறுதி நினைவுக்கு வந்தது. வாயை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

அப்போது அமராவதி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். இருவரையும் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்தன. போன கோபம் முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"அறிவு இருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?" என்று துடைப்பத்தை ஓங்கினாள். "எங் கட வாசல்லயா கொண்டாந்து அடைப்பீங்க? அந்தாண்ட தூக்கினு போயி எதுத்த வூட்டு தங்கம்மா வாசல்ல போடுங்க!" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அடச்சிட்டு, திங்கக்கெழம எனக்கு மொத ஆளா ஒரு நேரம் குடுங்க சார். எங்க அண்ணி புதுசா ஒன்னு பண்ணிட்டா."