மல்கோவாவை யார் பார்த்துக்கொள்வது?

ஒரு காட்டில், பலாமரத்தை ஒட்டிய குகையில், தணிகாசலம் என்ற கரடி மல்கோவா என்ற பூனையோடு குடியிருந்தது. தான் பக்கத்தில் இல்லாவிட்டால் மல்கோவா ஒரு வேளைகூடச் சாப்பிடாது என்று அது திடமாக நம்பியது. அதனாலேயே ஏழு வருடமாக எந்த விசேஷத்துக்கும் போனதில்லை.

இந்த முறை சொந்தத் தங்கைக்கே கல்யாணம். அதுவும் நாலு மலை தாண்டி. தட்ட முடியவில்லை.

பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று தணிகாசலம் விண்ணப்பப் படிவம் அச்சடித்தது. பதினொரு பக்கம். 'பூனை பெருமூச்சு விட்டால் என்ன செய்வீர்கள்? முப்பது வரிகளுக்கு மிகாமல் எழுதுக' என்று ஒரு கேள்வி. வரிசையில் நின்ற மிருகங்கள் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது பக்கத்துப் புதரில் இருந்த முள்ளம்பன்றி காத்தாயி மட்டும். அதற்குப் படிக்கத் தெரியாது.

"அக்கா, தினமும் பத்துத் தடவையாவது தூக்கிக் கொஞ்சணும்," என்றது கரடி.

"என் உடம்பைப் பார்த்தியா தம்பி? சோறு வைக்கிறேன், தண்ணி வைக்கிறேன். அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல், குகைக்குள் ஒரு கேமராவை மாட்டிவிட்டுத் தணிகாசலம் கண்ணீரோடு கிளம்பியது.

தாலி கட்டும் நேரத்திலும் அதன் கண் போனில்தான் இருந்தது. முதல் நாள் மல்கோவா இரண்டு வேளையும் தட்டைக் காலி செய்தது. பாவம், பயத்தில் சாப்பிடுகிறது என்று தணிகாசலம் தேற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் காத்தாயிக்கு ஒரு முழம் தள்ளி, மல்லாந்து படுத்துத் தூங்கியது. ஏழு வருடத்தில் தணிகாசலத்தின் எதிரில் அது மல்லாந்து படுத்ததே இல்லை. கரடிக்குப் பாயசம் இறங்கவில்லை.

"பூனைக்கு ஏதாவதா அண்ணா?" என்று பதறியது தங்கைக் கரடி.

"நல்லா இருக்கும்மா," என்று விம்மியது தணிகாசலம்.

குகைக்கு ஓடோடி வந்து மல்கோவாவை வாரியெடுத்தது. மல்கோவா நழுவிப் போய்க் காத்தாயியின் பின்னால் நின்றுகொண்டது.

"என்ன மருந்து வெச்சீங்க அக்கா?"

"ஒண்ணும் பண்ணலை தம்பி. நான் கிட்டவே போகலை. அதுவா வந்துச்சு."



அடுத்த மாதம் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. இந்த முறை படிவம் கிடையாது. தணிகாசலம் காத்தாயிக்குத் தெரியாமல், கண்ணில் பட்டதையெல்லாம் குளிப்பாட்டும் ஒரு குரங்கைத் தேடிப்பிடித்து, பூனையை அதன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது, சொட்டச் சொட்ட நனைந்திருந்த மல்கோவா ஒரே தாவாகத் தாவி கரடியின் மடியில் ஏறிக்கொண்டது. தணிகாசலத்துக்கு ஆனந்தக் கண்ணீர்.

நீதி: பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது, நம்மைவிடக் கொஞ்சம் மோசமான ஆளாகப் பார்த்து அமர்த்துவது நல்லது.