அம்பத்தெட்டு அண்ணாச்சியின் சாய்வு நாற்காலி

வயதாவதற்காக இவ்வளவு ஆசையோடு காத்திருந்த மனிதரை மும்பை இதுவரை பார்த்ததில்லை. மற்றவர்கள் நரையைக் கண்டால் மை வாங்க ஓடுவார்கள். எங்கள் அண்ணாச்சி முதல் நரையைக் கண்ட அன்று பட்டறை முழுவதற்கும் அரை டம்ளர் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயது என்பது அவருக்கு ஓர் ஊர் மாதிரி. அங்கே போய் இறங்க டிக்கெட் எடுத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறவர் போலத்தான் வேலை பார்ப்பார். அதனால் அவர் பெயரே அம்பத்தெட்டு. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை அது. அண்ணாச்சி தோல் வெட்டும் மாஸ்டர், நான் மிஷினில் தைப்பவன். முதலாளி தென்காசிப் பக்கத்து பாய். இருபது ஆள் சேர்ந்துவிட்டால் பி.எஃப். கட்டியாக வேண்டும் என்பது சட்டம், பாய் கட்டினார். எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிப்பார், தானும் அதே அளவு போடுவார். அவர் போடுவதில் ஒரு பகுதி பிரிந்து பென்ஷனுக்குப் போகும். பத்து வருஷம் நிறைந்தால், ஐம்பத்தெட்டு வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, சதவீதம் என்று யாராவது ஆரம்பித்தாலே பயம். பயமில்லாத விஷயம்தான் எனக்கு எது? கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்புகிறவன் நான். மூடியிருந்தால், திரும்பி வந்ததில் திறந்துவிட்டேனோ என்று பயப்படுகிறவன்.

இப்படிப்பட்டவனின் தலைக்கு மேலேதான் அண்ணாச்சியின் நாற்காலி தொங்கியது.

அதற்கு ஒரு கதை உண்டு. இளம் வயதில் அண்ணாச்சி மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குப் பை கொடுக்கப் போயிருக்கிறார். பால்கனியில் ஒரு மாமா. பளபளவென்று நீளக் கைகள் வைத்த தேக்குச் சாய்வு நாற்காலி. மடியில் பேப்பர், பக்கத்தில் காபி. அது வேலைநாள், முற்பகல் வேறு. அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

"மாமா, இப்படி ஒக்காந்திருக்கதுக்கு ஒங்களுக்கு யாரு சம்பளம் தாரா?"

மாமா கோபப்படவில்லை. "அந்தக் காலத்துல நான் சேத்தேன். இப்போ அது எனக்குச் சமைச்சுப் போடறது" என்றாராம்.

அன்றைக்கு அண்ணாச்சியின் தலைக்குள் போய் உட்கார்ந்தது அந்த நாற்காலி. பல வருஷம் கழித்து, மாமா காலமாகி, அந்தக் கட்டிடத்தை இடிக்கப் போகும்போது, பழைய சாமான் வண்டியில் அது தாராவிக்கே வந்துசேர்ந்தது. அண்ணாச்சி வண்டியை மறித்து வாங்கிவிட்டார். அவருடைய ஒற்றை அறைக் கோலியிலோ அடுப்பைத் தாண்டிக் கால் நீட்ட இடமில்லை. பாயிடம் கெஞ்சி, பட்டறை உத்தரத்தில் கயிறு கட்டி ஏற்றிவிட்டார். சரியாக என் மிஷினுக்கு மேலே.

ஃபேன் காற்றில் அது மெல்ல ஆடும். மழைக்கால மத்தியானங்களில் கரண்ட் போய்விட்டால், தகரக் கூரையின் ஓட்டை வழியே வரும் வெளிச்சம் அதன் கைகளில் விழும். கண்ணுக்குத் தெரியாத யாரோ அதில் சாய்ந்து கொண்டு பட்டறையையே படகு மாதிரி ஓட்டிப் போவது போல இருக்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்போம். நான் மட்டும் கயிற்றைப் பார்ப்பேன்.

"அண்ணாச்சி, விழுந்துராதே?"

"அம்பத்தெட்டு வரைக்கும் விழாதுலே. அதுக்கும் விதி தெரியும்."

யாரும் அதில் உட்காரக் கூடாது, அவரும்தான். ஐம்பது வயதானதுமே பென்ஷன் கேட்கலாம், ஆனால் குறைத்துத் தருவார்கள் என்று ஒரு விதி உண்டு. ஒட்டுப்பசை வேலை பார்க்கும் மணி அதைச் சொல்லிச் சீண்டுவான்: "அண்ணாச்சி, அம்பதுதான் ஆச்சே, அரைப் பென்ஷனுக்கு அரை நாற்காலியில ஒக்காருங்களேன்." அண்ணாச்சி கத்தியை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "குக்கர் விசில் அடிக்க முந்தி மூடியத் தெறக்கவன்லா நீ. மூஞ்சியெல்லாம் பருப்பு."

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஒனக்கு அம்பத்தெட்டு ஆகையில, நாற்காலிய எங்கன போடுவே?" பதில் வந்தாக வேண்டும். மணி, "செம்பூர் ஸ்டேஷன் வாசல்ல, போற வர்ற கூட்டத்தப் பாத்துச் சிரிச்சிட்டு" என்றான். இன்னொருவன் டிராம்பே கழிமுகத்தைச் சொன்னான், பூநாரைகள் இறங்கும் இடத்தில். தோலைச் சீவிக்கொண்டே ஒவ்வொருவனும் தன் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போடுவான். வெயில் இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம் என்று சண்டைகூட வரும்.

எனக்கு மட்டும் பதில் வராது. கண்ணை மூடினால், நாற்காலி போட்ட இடம் இடிந்து விழுவதுதான் தெரியும்.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்பேன். வருஷக் கணக்காக யோசித்தேன்.

அவர் அக்கறை காட்டாத இடமே கிடையாது. எங்கள் பட்டறைப் பையன் ஒருவனுக்குக் கல்யாணம். மேடையில் வரிசையாக மொய்க் கவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஏறினார், மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார், ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"ஏலே, நாமினிய மாத்திட்டியா? தாலி கட்டுன நிமிஷமே பழைய நாமினி செல்லாதுலே. புதுசாப் பொண்டாட்டி பேரப் போடணும்."

பெண்ணின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், மாப்ள, பெரியவர் சொல்லுதாருல்லா, செல்லு வச்சிருக்கீங்கள்லா, இப்பவே அதுல மாத்திருங்க." பழைய நாமினி மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்திலேயே பட்டுச்சேலையில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு எடுத்த எல்லா போட்டோவிலும் அந்த அம்மா அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் சாய்க்கடையில் வதந்தி கிளம்பியது. நம் கல்லித் தெருவை முழுக்க இடிக்கப் போகிறார்கள், பட்டறை பந்த் ஆகிவிடும், பி.எஃப். பணமும் அதோடு போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டு ரெண்டு மாதம் சும்மா இருந்தால் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்பது அப்போதைய விதி. எனக்குப் பத்து வருஷம் நிறைய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி. அதற்குள் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால், அதுவரை சேர்ந்த வருஷம் அத்தனையும் கழிந்துவிடும். வேறெங்காவது முதலிலிருந்து எண்ண வேண்டும். தெரிந்தும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாயிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னலே, பணத்த எடுக்கப் போறியா?"

"எல்லாம் போயிரும்னு சொல்லுதாங்க அண்ணாச்சி."

"கட்டுன பணம் பாய் பெட்டியிலயா இருக்கு, பட்டறைய இடிச்சா பறந்து போக? அது ஒன் பேருல ஒக்காந்திருக்கு. பட்டறை மாறுனா அதையும் கூட்டிட்டுப் போ. குட்டிய விட்டுட்டுப் போற ஆடு உண்டாலே?"

"இல்ல அண்ணாச்சி. நான் சொல்லத்தான் போறேன்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். உத்தரத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பட்டறையில் அத்தனை மிஷினும் நின்றுவிட்டது. தூசியோடு, பழைய தேக்கு வாசனையோடு, நாற்காலி தரைக்கு இறங்கியது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

"ஒக்காரு."

"அண்ணாச்சி, நீங்களே ஒக்காந்ததில்ல…"

"ஒக்காருலே. நின்னுக்கிட்டு யோசிச்சா கால் ஓடத்தான் சொல்லும். சாஞ்சு யோசி. அப்பவும் போணும்னு தோணுச்சுன்னா நானே பாய்ட்ட சொல்லுதேன்."

சாய்ந்தேன். கூரையில் மழை சடசடவென்று விழுந்தது. யோசிக்கத்தான் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலி தரையை விட்டுக் கிளம்பியது. தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட சேலைகள் எல்லாம் கீழே போயின. கழிமுகத்துக்கு மேலே பூநாரைகள் வழிவிட்டன. தண்ணீரைத் தாண்டி நவி மும்பைப் பக்கம் ஏதோ ஒரு ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி அதற்குள் நுழைந்து, வெயில் விழும் மூலையில் தானாகவே போய் நின்றது. எதுவும் இடியவில்லை.

எழுப்பியது பாயின் குரல். "யாருவே இது, மாப்பிள்ள மாதிரி?"

"சத்தம் போடாதீங்க மொதலாளி. அவன் பென்ஷன் பிளானிங்ல இருக்கான்" என்றான் மணி.

சாயங்காலம் ஆகியிருந்தது. என்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அது நினைவுக்கு வருவதற்குள் பாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அண்ணாச்சி கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "நெனச்சேன். ஒனக்குப் பயமெல்லாம் இல்லலே. தூக்கந்தான் பாக்கி."

பட்டறையை இடிக்கவில்லை. பத்து வருஷத்தை நான் முடித்தேன்.

ஒருவழியாக அண்ணாச்சிக்கும் ஐம்பத்தெட்டு வந்தது. அதற்கு முன்பே தன் கோலிக்கு மேலே ஒரு மாடி எழுப்பியிருந்தார். நாற்காலிக்காகவே எழுப்பிய மாடி. எந்த மாதம் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்து ஜன்னல் வைத்திருந்தார். கால் எங்கே, காபி எங்கே என்று தரையில் சாக்பீஸால் கோடுகூடப் போட்டிருந்தார். கடைசி வேலைநாளன்று பாய் மாலை போட்டார். நாங்கள் நாற்காலியை இறக்கித் தோளில் வைத்து, சாமி புறப்பாடு மாதிரி கல்லிக்குள் கிளம்பினோம்.

அவர் கோலிக்குப் போகும் சந்தில் நாற்காலி நின்றுவிட்டது.

நீட்டிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், தலைகீழாக்கிப் பார்த்தோம். நீளக் கைகள் இரண்டும் இரண்டு பக்கச் சுவரிலும் இறுகிக்கொண்டன. சந்தைத் தாண்டினாலும் மேலே ஏற இரும்பு ஏணி, ஏணி முடிவில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை. அண்ணாச்சி வெயிலை அளந்திருந்தார், காற்றை அளந்திருந்தார். நாற்காலி வரும் வழியை அளக்கவில்லை. எங்கள் தாராவியில் அவரவர் வீட்டுக்கு அவரவர் ஒருக்களித்துப் போய்ப் போய், வழி என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

"கையை அறுத்திருவோமா அண்ணாச்சி?" என்றான் மணி.

"ஒன் கையவா?" என்றார் அவர்.

அப்புறம் அவர் செய்ததுதான் என் கண்ணிலேயே நிற்கிறது. கழுத்து மாலையோடு, சந்தின் நடுவில் சிக்கிய நாற்காலியில் ஏறி, மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே கயிறு மாதிரி ஒரு துண்டு வானம். அதைப் பார்த்தார். பின்னால் குடத்தோடு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, ரிட்டயர்மெண்ட் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் நெருக்கமா இருக்கு தாயி. ஆனா சொகம்."

அவர் முகம் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டு எல்லோரையும் நாற்காலி போட வைத்தவருக்குப் போட இடமில்லை.

பாய்தான் சொன்னார்: "தூக்குங்கப்பா. பட்டறைக்கே திருப்புங்க. நம்ம வாசல் அகலம்." இன்றைக்கும் அண்ணாச்சி பட்டறை வாசலில் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். வேலையில் இருந்தபோது எடுத்த லீவுகூட இப்போது எடுப்பதில்லை.

நான் வேலை மாறிவிட்டேன். பி.எஃப். குட்டியை விடாமல் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். நவி மும்பை கோபர்கைரனேயில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, படிக்கட்டு, கதவு, நடை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். புரோக்கர் சிரித்தான். ஜன்னலோரம் வெயில் விழும் மூலையில் எதையும் வைக்க விடவில்லை என்று என் மனைவி திட்டினாள். இப்போதும் திட்டுகிறாள்.

போன வாரம் அண்ணாச்சி போன் செய்தார். கேட்பது அதே கேள்விதான்.

"ஏலே, நாற்காலிய எங்கன போடுவேன்னு யோசிச்சிட்டியா?"

"யோசிச்சிட்டேன் அண்ணாச்சி. ஜன்னல் பக்கம். ரெண்டு போடலாம்."

அந்தப் பக்கம் யாரையோ மிஷினை நிறுத்தச் சொல்லி அதட்டினார்.

"வழிய அளந்தியாலே?"

"அளந்துதான் வீடே பாத்தேன் அண்ணாச்சி. ஒங்க நாற்காலி அளவுக்கு."