வாய்தா வக்கீலும் காலிமனையும்

ஒரு வழக்கைக்கூட ஜெயிக்காமலும், ஒன்றைக்கூடத் தோற்காமலும் கறுப்புக் கோட்டைக் கழற்றிய வக்கீல் இந்தத் தமிழ்நாட்டிலேயே எங்கள் தெருக்காரர் ஒருவர்தான். எந்த வழக்காவது முடிந்தால்தானே? தேதி தள்ளிப்போட வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'வாய்தா வக்கீல் வீடு' என்றால்தான் சிவகாசி ஆட்டோக்காரர்களுக்கே புரியும்.

சாத்தூர் கோர்ட்டில் ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதைத் தகராறு. இவர் அண்ணன் தரப்பு. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நீண்டதில் அண்ணன் மகனும் தங்கை மகளும் காதலித்துக் கல்யாணமே செய்துகொண்டார்கள். தகராறுப் பாதையில்தான் பந்தல் போட்டார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர் நம் வக்கீல்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். அவருக்காக வீடுவீடாக ஓட்டுக் கேட்டவர்கள் எல்லாம் அவரிடம் வழக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள். அவர் ஜெயித்துப் போய்விட்டால் கேஸ் கட்டை வேறு வக்கீலிடம் கொடுக்கலாமே. ஜெயித்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என் அம்மா கேட்டால், "அடுத்த வாரம் பாப்பமே மதினி" என்பார்.

"இவுகளுக்குப் போயி ஓட்டுப் போட்டேன் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த காலிமனையில் ஒரு கம்பெனிக்காரர் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டப்போகிறார். ஆட்சேபணை இல்லை என்று கவுன்சில் தீர்மானம் போட்டால் போதும். அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவள். வெடிமருந்து என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவள். நேரே வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

"வேல பாக்குற இடத்துல பயந்தது பத்தாதா? தூங்குற இடத்துலயும் பயப்படணுமா? நீங்க எந்திரிச்சு எதுத்துப் பேசணும்."

"பாப்பமே மதினி."

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கவுன்சிலில் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "தலைவர் அவர்களே, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன். படிக்காம எப்படிக் கை தூக்குறது? அடுத்த கூட்டத்துல வச்சிக்கிருவோம்" என்றார். அடுத்த கூட்டத்தில் கண்ணாடி இருந்தது. வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதற்கடுத்து, கம்பெனிக்காரரின் கையெழுத்து ஓரிடத்தில் சாய்ந்திருந்தது. பிறகு, இடத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பது தர்மமா என்று கேட்டு மொத்தக் கவுன்சிலையும் முள்ளுக்குள் நடக்கவைத்தார். சீசன் நெருங்கியதும் கம்பெனிக்காரர் வெறுத்துப்போய், ஊருக்கு வெளியே பொட்டலில் கட்டிக்கொண்டார்.

அந்தத் தீபாவளி சாயங்காலம் யாரோ விட்ட ராக்கெட் திசைமாறி அதே காலிமனையில் விழுந்தது. காய்ந்து கிடந்த கருவேல முள் குபுகுபுவென்று எரிந்து, தானாகவே அணைந்தது. அவ்வளவுதான். அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது எங்களுக்கு.

வக்கீல் லுங்கியோடு ஓடிவந்தார்.

"எதுத்துப் பேசியிருந்தா ஓட்டுக்கு விட்டுத் தோக்கடிச்சிருப்பாக மதினி. எனக்குத் தெரிஞ்சது தள்ளிப்போடுறது ஒண்ணுதான்" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"குழாத் தண்ணி மெதுவா வரட்டும். நீங்க உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போவீக."

அதன் பிறகு அவரை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் வீட்டில் யாரையும் அவள் விட்டதில்லை. இந்தத் தலைப்பைப் பார்த்தால் இன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.