ஒன்பதாவது தட்டில் இத்தாலிப் புட்டி

என் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை. நான் சொல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

நிச்சயதார்த்தம் நடந்தது இட ஒதுக்கீட்டுப் போராட்ட நேரத்தில். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வயல்வழியே டிராக்டரில் எங்கள் ஊரான நைனார்பாளையம் வந்து சேர்ந்துவிட்டார்கள். சேலத்திலிருந்து வரவேண்டிய திராட்சைக் கூடைதான் வரவில்லை. நிச்சயத் தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். திராட்சை இல்லாமல் எட்டுதான் தேறியது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு (பி.ஏ. முடித்த மிதப்பு வேறு) அந்த யோசனை வந்தது. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா மகன் கொடுத்த இத்தாலி சிவப்பு ஒயின் என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. திராட்சை இல்லையென்றால் திராட்சைச் சாறு! புட்டியின் கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, குங்குமம் வைத்து, ஒன்பதாவது தட்டில் நிறுத்தினேன். மாப்பிள்ளையைவிட அதுதான் எடுப்பாக இருந்தது.

தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி இது?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"இத்தாலி ஒயினுங்க மாமா. தாத்தா, அப்பா, புள்ளன்னு ஒரே குடும்பமே செய்யறாங்க. மூணு வகை திராட்சைய தனித்தனியா ஊற வெச்சி, அப்பறம் ஒண்ணா கலப்பாங்க."

"ஊற வெச்சா?"

"ரெண்டு வருசம்ங்க. மரப் பீப்பாயில."

பந்தலில் எல்லோரும் புட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மலைமேல் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அவர் வீட்டுக் கதைதான் எனக்குத் தெரியாது.

அவர் கத்தவில்லை. "எந் தம்பி சாராயம் குடிச்சிதான் செத்தான். மூணு நாளு கண்ணு தெரியாம, என் கையப் புட்சிக்கினே கெடந்தான். அந்த எழவு எங்க வூட்டு வாசப்படி ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அப்பா கைகூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

யாரும் கூப்பிடாமலே தங்கை உள்ளேயிருந்து சபைக்கு வந்தாள்.

"எங்க அண்ணனுக்கு அறிவு கம்மிங்க மாமா. கெட்ட எண்ணம் கெடையாது." என் பக்கம் திரும்பினாள். "எடுத்துக்கினு போயி கொட்டிட்டு வா."

கொட்டுவதற்கு முதலில் தக்கை வர வேண்டுமே! கத்தி, ஆணி, அரிவாள்மனை எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினேன். தக்கை உள்ளே போனது, ஒயின் என் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. மீதியை மாட்டுக்கொட்டகைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் வந்து சேர்ந்த சித்தப்பா பதறிப்போய், "எந்த ரோட்டுலடா அட்சாங்க?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, எங்கள் காலித் தட்டில் வைத்தார்.

"இப்ப எண்ணிக்கோங்க, ஒம்போது." அப்பா சபையிலேயே அழுதுவிட்டார்.

பல வருடம் கழித்து, தங்கையின் கடைசி மகளுக்கு அவள் புகுந்த வீட்டில் நிச்சயம். தாய்மாமன் சீரோடு போனேன். தடியூன்றி வந்த தங்கையின் மாமனார் என் தட்டுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார்.

"அறிவு கம்மி..." என்று ஆரம்பித்தார்.

"கெட்ட எண்ணம் கெடையாது!" என்று மொத்தச் சபையும் முடித்தது.

ஒன்பதாவது தட்டில் தேங்காய் மட்டும் வைத்திருந்தேன். அதைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. தேங்காயை எடுத்துப்போய், சுவரில் மாட்டியிருந்த தம்பி படத்துக்குக் கீழே வைத்தார்.