சாத்தின கதவு மூஞ்சூறு

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொண்டது. நான் நலம். நீங்களும் அண்ணியும் உங்கள் மூட்டுவலியும் எப்படி என்று எழுதவும்.

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று, "மூஞ்சூறு புடிச்சே ஆயுச முடிச்சுட்டாரு மாப்பிள்ளை" என்றீர்களே, அதற்குப் பதில் இது. அன்று அழுகையில் வாய் வரவில்லை.

போன மாதம் அவர் செருப்பையும் பையையும் எடுத்துப் போக அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், போனால் அவர் கடைசியாகப் பிடித்துக் கொடுத்த இருநூறு மூஞ்சூறின் ரத்தக் குப்பிகளையும் குப்பைக்கு அனுப்ப எடுத்து வைத்திருக்கிறார்கள், எது எங்கே பிடித்தது என்று தெரியாவிட்டால் உள்ளே இருக்கிற வைரஸைப் பார்த்துப் பிரயோசனமில்லையாம், அவருக்குத்தான் எழுத வராதே, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிப் பிடித்த இடத்தைப் படமாகப் போட்டு வைத்து, சனிக்கிழமையானால் வந்து வாயால் சொல்வாராம், இந்தத் தடவை சொல்லாமலே போய்விட்டார்.

நான் ஒன்றை எட்டிப் பார்த்து, "இது உடைஞ்ச குழாயடிங்க" என்றேன். அங்கிருந்த டாக்டரம்மா எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பொறி வைத்த இடமெல்லாம் அவர் தினமும் என்னிடம் சொன்னதுதானே, இரண்டு நாள் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒன்றில் சடை போட்ட பொம்பளை, முகத்தில் பாதிக்கு மூக்குதான்.

"இது யாரும்மா?"

"நான்தாங்க. எங்க வீட்டு அடுப்படி."

சிரித்தோம். அப்புறம் டாக்டரம்மா அடுத்த குப்பியை எடுத்தார்.

வைரஸும் பங்காளிகள் மாதிரியாம் அண்ணா. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மூஞ்சூறில் ஒரு சாயல், அந்தப் பக்கம் போனால் ஒன்றுவிட்ட சாயல். நேற்றுத்தான் சோதனை முடிந்தது. ஒரே ஒரு குப்பி எந்த உறவிலும் சேரவில்லை, இதுவரை யாரும் பார்க்காத புதுசாம். அதில் சாத்தின கதவு. எந்த வீடென்று நான் யோசிக்கவே இல்லை. பொறியோடு வந்த மனுஷனை உள்ளே விடாமல் நீங்கள் தாழ் போட்ட கதவுதான். அவர் பின்பக்கச் சாக்கடையோரம் பொறி வைத்துவிட்டு வந்தார்.

அந்தக் கதவுப் படத்தைப் பெரிதாக்கி, கீழே அவர் பேரெழுதி, ஆராய்ச்சிக்கூடச் சுவரில் மாட்டியாயிற்று. இப்போது சொல்லுங்கள், மூஞ்சூறு பிடித்து என்ன கண்டார் என்று. இனி நான் உங்கள் வாசல்படி மிதிக்க மாட்டேன். இது சத்தியம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மூஞ்சூறுக்காரர் மனைவி

பி.கு.: சத்தியத்தை எழுதி முடித்த பிறகுதான் டாக்டரம்மா ஆளனுப்பினார், கிழித்தெழுத வேறு தாள் இல்லை. அந்தப் புது வைரஸ் அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வியாழக்கிழமை நாற்பது பொறியோடு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். அதுவரை மூஞ்சூறை விரட்டவும் வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். இந்தத் தடவை முன்வாசல் வழியாகத்தான் வருவோம். கதவைத் திறந்து வையுங்கள்.